பாட்டி வைத்த வெள்ளி ரூபாய்: அசலும் போலியும்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், பூஜை அறைப் பெட்டியிலோ பீரோவின் உள்ளறையிலோ, ஒரு சிறு துணி முடிப்பில் சில வெள்ளி ரூபாய்கள் இருக்கும். தஞ்சாவூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ கல்கத்தாவுக்கு ரயிலேறிய நாளில், பாட்டியோ கொள்ளுப் பாட்டியோ முடிந்து கொடுத்தவை அவை. சிலவற்றில் ராணி தலை இருக்கும். சிலவற்றில் ராஜா தலை இருக்கும். கல்யாணத் தட்டில் வைக்கவும், குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளிலும், தீபாவளி லட்சுமி பூஜையன்றும் வெளியே வரும். மற்ற நாட்களில் அவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அண்மை ஆண்டுகளில் வெள்ளி விலை ஏறியதிலிருந்து இந்த முடிப்புகள் அடிக்கடி அவிழ்கின்றன. விற்கலாமா, உருக்கிக் கொலுசு செய்யலாமா, பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கலாமா என்ற கேள்விகள் எழுகின்றன. கூடவே, நடைபாதையிலும் கண்காட்சியிலும் பழைய காசு என்று சொல்லி விற்கப்படும் புதிய போலிகளும் பெருகிவிட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய நாணயங்களைச் சேர்த்துவருபவன் என்பதால், "இது அசல்தானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அன்பர்கள் என்னிடம் கொண்டுவருவது வழக்கம். அவர்களுக்கு நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. பொறுமையும் ஒரு சிறு தராசும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

வண்ணக்கனும் பொத்தாரும்

காசைச் சோதிப்பது நமக்குப் புதிய கலை அன்று. சங்கப் புலவர்களில் சிலருடைய பெயரோடு 'வண்ணக்கன்' என்ற சொல் சேர்ந்து வருவதைப் படித்திருப்பீர்கள். நாணயத்தின் தரத்தைப் பார்த்துச் சொல்பவருக்கு அது பெயர். அந்தச் சோதனைக்கு 'நோட்டம்' என்று பெயர். 'நோட்டம் விடுகிறான்' என்று இன்று நாம் வேறு பொருளில் சொல்லும் சொல் அதுதான். நேர்மைக்கும் காசுக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருப்பவர்கள் நாம்.

வங்காளத்திலும் இதே தொழில் இருந்தது. காசைத் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்துத் தரம் சொன்னவர் 'பொத்தார்'. அந்தத் தொழிற்பெயர் குடும்பப் பெயராகி இன்றும் நிலைத்திருக்கிறது. டிரெட்டி பஜார் பக்கம் போகும்போது பொத்தார் கோர்ட் கட்டடத்தைக் காண்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். போலிக் காசுக்கு வங்காளிகள் சொல்லும் சொல் 'மேக்கி'. போலியான எதையும், போலியான மனிதரையும்கூட அவர்கள் இப்படிச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

ஸ்டிராண்டு ரோடு தந்த அளவுகோல்

போலியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அசல் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஏனென்றால் அசலின் அளவைத் தீர்மானித்ததில் நம் ஊருக்கே பெரும் பங்கு உண்டு. சென்னை அன்பர்களுக்குத் தங்கசாலைத் தெரு தெரியும். அங்கிருந்த சென்னை நாணயச்சாலை 1869-ல் மூடப்பட்டது. கல்கத்தாவின் நாணயச்சாலைக்கு ஸ்டிராண்டு ரோட்டில் 1824-ல் கால்கோள் நடந்து, 1829-ல் வேலை தொடங்கியது. ஏதென்ஸ் நகரத்துப் பழைய கோயிலின் முகப்பைப் பாதி அளவில் பார்த்துக் கட்டிய அந்தப் பெரிய தூண்கள் இன்றும் நிற்கின்றன. அலிப்பூரில் இருக்கும் புதிய நாணயச்சாலை 1952-ல் திறக்கப்பட்டது.

ஸ்டிராண்டு ரோட்டில் 1832 முதல் தலைமைச் சோதனையாளராக இருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். ஒரு குன்றிமணியில் சிறு பங்கைக்கூடக் காட்டும் தராசை வைத்து வேலை செய்தவர். இதே மனிதர்தான் 1837-ல் அசோகர் காலத்துப் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டினார். அந்த வழியில்தான் நம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் படிக்கவும் பின்னால் வாய்ப்பு உண்டாயிற்று. பழங்காசுகளைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண், பழைய எழுத்தையும் விடவில்லை. ஹூக்ளிக் கரையில் பிரின்செப் காட் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

1835-க்கு முன்னர் சென்னையில் ஒரு ரூபாய், வங்காளத்தில் வேறு ரூபாய், பம்பாயில் இன்னொரு ரூபாய் என்று இருந்தது. அந்த ஆண்டு வந்த சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. அதன் எடை 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. மீதி ஒரு பங்கு செம்பு முதலான கலப்பு. குறுக்களவு சுமார் முப்பதரை மில்லிமீட்டர். நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினாலும், ஆறாம் ஜார்ஜின் முதல் காசுகள் வரை நூறு ஆண்டுக்கு மேல் இந்த எடையும் தரமும் மாறவில்லை. நம் ஊர்களில் நாட்டு மருந்துக்கு 'ஒரு ரூபாய் எடை' என்று சொன்னது இந்த நம்பிக்கையில்தான். போலியைப் பிடிக்க நமக்குக் கிடைத்த முதல் ஆயுதமும் இதே எடைதான்.

போலி அல்லாத 'போலிகள்'

அசலையே போலி என்று எண்ணி மனம் நொந்தவர்கள் உண்டு. ஆகவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளித் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை மட்டும் அதே 11.66 கிராம். இவை அசலான அரசாங்கக் காசுகள்தாம். ஆனால் பழைய ரூபாயில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி என்றால், இவற்றில் 5.8 கிராம்தான்.

1947 என்று தேதியிட்ட, பின்புறம் புலி உள்ள ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது முழு நிக்கல். காந்தத்தில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்; அது அப்படித்தான் செய்யப்பட்டது.

இன்னொரு சந்தேகம் தேதியைப் பற்றியது. '1862' என்று போட்ட விக்டோரியா ரூபாய்கள் ஏராளமாகக் கிடைப்பதைப் பார்த்து, எல்லாம் போலி என்பார்கள் சிலர். 1862 முதல் 1874 வரை ரூபாயில் ஆண்டை மாற்றாமல் அதே தேதியைப் போட்டே அடித்துவந்தார்கள். அதனால்தான் அத்தனை 1862.

இன்றைய போலிகள் எத்தனை வகை?

என் அனுபவத்தில் நான்கு வகை.

முதலாவது வார்ப்புக் காசு. அசலை வைத்து அச்சு எடுத்து, மலிவான உலோகத்தை ஊற்றிச் செய்து, மேலே வெள்ளி முலாம் பூசுவது. இரண்டாவது, புதிதாக அச்சு வெட்டி எந்திரத்தில் அடிப்பது. இதில் நல்ல வெள்ளியிலேயே பூஜைக்கென்று அடித்து விற்கப்படும் 'விக்டோரியா' காசுகளும் அடக்கம். வெள்ளிக் காசு என்று சொல்லி விற்றால் அதில் தவறில்லை. நூறாண்டுப் பழசு என்று சொல்லி விற்றால்தான் மோசடி.

மூன்றாவது வகை மிகவும் தந்திரமானது. அசல் காசையே எடுத்துத் தேதியைத் திருத்துவது. 1939 தேதியிட்ட வெள்ளி ரூபாய் மிக அரிது. 1938-ன் கடைசி எண்ணில் சிறிது செதுக்கிவிட்டால் 1939. எடை, வெள்ளி, ஓசை எல்லாம் சரியாகவே இருக்கும். பூதக்கண்ணாடி ஒன்றுதான் காட்டிக் கொடுக்கும். இதைப் போலவே 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கும் தனி மவுசு. அதில் அரசரின் அங்கியில் இருந்த யானை, துதிக்கை குட்டையாகி, பன்றியைப் போல் தெரிந்தது. மக்கள் மனம் புண்பட்டதால் வெளியீட்டை நிறுத்தி, அடுத்த ஆண்டு துதிக்கையைத் தெளிவாக்கினார்கள். கதை உள்ள காசுக்கு ஆசை அதிகம். ஆசை அதிகமுள்ள இடத்தில் போலியும் அதிகம்.

நான்காவது, எந்தக் காலத்திலும் இல்லாத காசு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்து சோதனைகள்

எடை: நகைக்கடையில் வைத்திருப்பதைப் போல, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு இப்போது மலிவாகவே கிடைக்கிறது. புழங்கித் தேய்ந்த காசு 11.4, 11.3 என்று இறங்கியிருக்கலாம். முகம் தேய்ந்து எடையும் குறைந்தால் இயற்கை. முகம் பளிச்சென்று இருந்து எடை மட்டும் 10 கிராம் என்றால், அது வெள்ளி அன்று. செம்பு நிக்கல் கலவையில் அதே அளவுக் காசு செய்தால் ஏறத்தாழ அந்த எடைதான் வரும். சங்கிலியில் கோத்து அணிந்த காசானால், பற்றவைத்த வளையத்தின் எடை கூடியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தண்ணீர்: எடையைச் சரிக்கட்ட, போலி செய்பவர் காசைத் தடிமனாக்கிவிடலாம். அதற்குத் தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு சிறு கிண்ணம் தண்ணீரை வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுகவிட்டுப் பிடியுங்கள். நல்ல வெள்ளி ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 கிராம் காட்டும். காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் 10.3 அளவில் வர வேண்டும். போர்க்காலப் பாதி வெள்ளிக்கு ஒன்பதரை வரும். பித்தளை, ஜெர்மன் சில்வர் போன்றவற்றுக்கு ஒன்பதைத் தொடாது. காசுக்கு எந்தச் சேதமும் இல்லாத சோதனை இது.

விளிம்பு: முகத்தைச் செய்ய எடுத்துக்கொள்ளும் அக்கறையை விளிம்புக்குப் போலி செய்பவர்கள் காட்டுவதில்லை. அசலில் விளிம்புக் கோடுகள் நேராகவும் ஒரே இடைவெளியிலும் இருக்கும். வார்ப்புக் காசில் விளிம்பைச் சுற்றி ஒட்டுத் தையல் போல ஒரு மெல்லிய வரி தெரியலாம். அதை அரத்தால் ராவிய தடமும் தெரியலாம்.

முகம்: பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். அச்சில் அடித்த எழுத்தின் ஓரம் கூர்மையாக எழுந்து நிற்கும். வார்ப்பில் எழுத்து சோப்பில் செய்தது போல மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசி முனை அளவுக் குழிகள் இருக்கும். தேதியின் எண்களைத் தனியாகப் பாருங்கள். ஒரு எண்ணைச் சுற்றி மட்டும் உலோகம் சுரண்டப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே விற்பவரிடம் இரண்டு காசு வாங்கினால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு காசு தனித்தனியே ஊர் சுற்றி வந்தவை. இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல் இருக்க வழியில்லை. இருந்தால், இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள்.

ஓசை: விரல் நுனியில் காசை நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினால், வெள்ளி நீண்டு ஒலிக்கும், ஈயமும் தகரமும் 'டக்' என்று அடங்கிவிடும். நம் பெரியவர்கள் இதை நம்பியே வியாபாரம் செய்தார்கள். ஆனால் உள்ளே விரிசல் விட்ட அசலும் ஒலிக்காது. சில கலப்பு உலோகங்கள் நன்றாகவே ஒலிக்கும். ஓசையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. காந்தமும் இப்படியே. ஒட்டினால் வெள்ளி இல்லை என்று தெரியும். ஒட்டாவிட்டால் வெள்ளி என்று ஆகிவிடாது. செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டுவதில்லை.

ஒரு சோதனையில் தேறும் போலி உண்டு. இரண்டில் தேறுவதும் உண்டு. ஐந்திலும் தேறுவது மிகக் கடினம். ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது.

மூன்று காசு செய்த வேலை

சில ஆண்டுகளுக்கு முன் லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு அம்மாளும் அவர் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். முடிப்பில் 21 ரூபாய்கள் இருந்தன. பேத்தி கல்யாணத்துக்கு உருக்கிப் பாத்திரம் செய்ய ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடைக்காரர் மேலாக இருந்த இரண்டு மூன்றை உரசிப் பார்த்து, "எல்லாமே மட்டம், கலப்படம்" என்று சொல்லி, மொத்தத்துக்கும் மிகக் குறைந்த விலை சொல்லிவிட்டார். "மாமியார் கொடுத்தது மாமா, அவர்கள் யாரையும் ஏமாற்றினவர்கள் இல்லை" என்று அந்த அம்மாள் சொன்னபோது குரல் தழுதழுத்தது. காசு போனதைவிட, மாமியாரின் பெயர் போனதுதான் அவருக்கு வருத்தம்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 15 காசுகள் குறையில்லாத பழைய வெள்ளி. இரண்டு, போர்க்காலப் பாதி வெள்ளி. ஒன்று 1947 நிக்கல். இந்தப் பதினெட்டும் அரசாங்கம் அடித்த அசல்கள். மீதி மூன்றுதான் போலி. இரண்டு 1862-களில் ராணியின் கன்னத்தில் ஒரே இடத்தில் ஒரே மாதிரிச் சொட்டை. மூன்றாவது, 1911, எடை 9.8 கிராம்.

அந்த அம்மாளுக்கு அப்போது நினைவு வந்தது. மாமியார் கொடுத்தவை 18-தான். மகள் கல்யாணத்தின்போது 21 ஆகத் தட்டில் வைக்க வேண்டும் என்று அவர் கணவர் நடைபாதையில் மூன்று வாங்கி வந்து சேர்த்திருந்தார். அந்த மூன்றுதான் மேலே கிடந்து, கீழே இருந்த பதினெட்டின் பெயரையும் கெடுத்திருக்கின்றன.

போலியால் வரும் உண்மையான நஷ்டம் இதுதான். கொடுத்த விலை போவது ஒரு பங்கு. அசலின் மேல் விழும் சந்தேகம் பெரும் பங்கு. அந்தக் குடும்பம் காசுகளை உருக்கவில்லை. பதினைந்தையும் மூன்று பேரப் பிள்ளைகளுக்கு ஐந்தைந்தாகப் பிரித்துக் கொடுத்தார்கள். "இவர் ஆசையாக வாங்கினது, இது என்னோடு இருக்கட்டும்" என்று போலி மூன்றையும் அந்த அம்மாள் தனிக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார். எது எது என்று தெரிந்து வைத்துக்கொண்டபின், அதில் தவறில்லை.

1818 அனுமார் காசு

எந்தக் காலத்திலும் இல்லாத காசு என்று சொன்னேனே, அது இது. ஒரு புறம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, '1818', 'ஒரு அணா' என்று ஆங்கில எழுத்து. மறுபுறம் அனுமார், அல்லது ராமர் பட்டாபிஷேகம், அல்லது ஓம். அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது, முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். தமிழ்நாட்டிலும் 'ரைஸ் புல்லிங்' என்ற பெயரில் இந்த மோசடியில் பணம் இழந்தவர்கள் பலர்.

கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. இந்தியா முழுவதற்குமான நாணய வரிசையில் ஒரு அணாக் காசு சேர்ந்ததே 1906-ல், ஏழாம் எட்வர்டு காலத்தில், செம்பு நிக்கல் கலப்பில்தான். ராமர் உருவம் பொறித்த 'ராமடங்கா' வில்லைகள் வழிபாட்டுக்காகச் செய்யப்பட்டவை. அவை நாணயம் அல்ல. எந்தக் காசும் அரிசியை இழுக்காது. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியும் பழைய காசு வாங்குவதாக ஏமாற்றுகிறார்கள் என்று, அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது.

உலகெங்கும் ஒரே கதை

இது நம் நாட்டுக் கதை மட்டும் அன்று. ஒரு காலத்தில் உலகெங்கும் புழங்கிய மெக்சிகோ வெள்ளி டாலருக்கும் இதே கதிதான். மெக்சிகோச் சுரங்கத்து வெள்ளி கப்பலேறிக் கீழை நாடுகளுக்கெல்லாம் வந்தது. சீன வணிகர்கள் அந்தக் காசைச் சோதித்துத் தங்கள் சிறு முத்திரையைக் குத்தி அனுப்புவார்கள். அவர்கள் நாட்டு வண்ணக்கர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று அந்த டாலரையும், அதிலுள்ள சீன முத்திரைகளையும் சேர்த்தே போலியாகச் செய்து விற்கிறார்கள். அசலின் எடை சுமார் 27 கிராம், வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறு. போலியில் பல இந்த எடையிலேயே தோற்றுவிடுகின்றன. காசு வேறானாலும் சோதனை ஒன்றுதான்.

அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள்

பழைய காசைப் புளி போட்டோ சபீனா போட்டோ தேய்க்காதீர்கள். கறுப்பு படிந்திருப்பது குறையன்று. தேய்த்தால் நாணயம் சேகரிப்பவர்களிடம் விலை குறையும். அமிலம் ஊற்றிச் சோதிக்கவும் விடாதீர்கள்.

வாங்குவதானால் ரசீது தருபவரிடம் வாங்குங்கள். விலை நம்ப முடியாத அளவு மலிவாக இருந்தால் நம்பாதீர்கள். உருக்குவதற்கு முன் ஒவ்வொரு காசின் தேதியையும் பாருங்கள். உருகிய பின் திரும்பி வராது.

நூறு ஆண்டு கடந்த காசு, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதியில்லை. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளின் பெட்டியில் விக்டோரியா ரூபாயைப் போட்டு அனுப்பி, அவர்களை விமான நிலையத்தில் சங்கடத்துக்கு ஆளாக்க வேண்டாம்.

அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள நம் ஊரில் வசதி உண்டு. சௌரங்கியில் இந்திய அருங்காட்சியகம் இருக்கிறது. கவுன்சில் ஹவுஸ் தெருவில் ரிசர்வ் வங்கி 2019-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துப் போகலாம்.

கடைசியாக ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டிலுள்ள காசு ஒவ்வொன்றின் தலை, ஆண்டு, எடை, யார் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதி அந்த முடிப்போடு வையுங்கள். எடையும் ஆண்டும் காசை உரியவர்கள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். யார் முடிந்து கொடுத்தது என்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.